கலப்பு வேறு, கலப்படம் வேறு

(சங்கத்தின் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஒரு பட்டதாரி அல்ல. ஊரில் க.பொ.த. உயர்தரம் வரைக்கும் படித்தவன். அதற்கு மேல் படிக்க நாட்டு நிலைமை விடவில்லை. சுவிசுக்கு வந்து இப்ப ஒரு தொழிற்சாலையில் உலோகம் கடையிற மெசினில் நிற்கிறேன். தண்ணீர்க் குழாய்களுக்கும் வால்வுகளுக்கும் வேண்டிய சின்னச் சின்னப் பாகங்கள் செய்வதுதான் என் வேலை. "நீர் ஒவ்வொரு நாளும் கையால தொடுற விசயத்தைப் பற்றியே பேசுமன்" என்று செயலாளர் அண்ணை கேட்டார். அதனால்தான் கலப்புலோகம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் ஞாபகம் இருக்கும். "ஓர் உலோகத்துடன் வேறு உலோகமோ அலோகமோ சேர்ந்த கலவை" என்று பாடமாக்கினோம், பரீட்சையில் எழுதினோம், மறந்துவிட்டோம். அது என்னத்துக்கு உதவும் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பிள்ளைகள், இன்றைக்குப் பெரியாக்களிடம் கைவிசேடம் வாங்கியிருப்பீங்கள். 5 பிராங் காசு கிடைத்தவர்கள் அதை எடுத்துப் பாருங்கோ. என்ன நிறம்? வெள்ளி மாதிரி வெள்ளையாக இருக்குது. ஆனால் அதில் வெள்ளி துளிகூட இல்லை. அதில் நூற்றுக்கு 75 பங்கு செம்பு, 25 பங்கு நிக்கல். முக்கால்வாசி செம்பாக இருந்தும் செம்பு நிறம் தெரியுதோ? இல்லை. கால்வாசி நிக்கல் அந்தச் சிவப்பு முழுவதையும் மறைத்துவிட்டது. முந்தி இந்தக் காசுகள் வெள்ளியில் இருந்தன. அதுவும் சுத்த வெள்ளி அல்ல, 83.5 வீதம் வெள்ளி, மிச்சம் செம்பு. 1968 ஆம் ஆண்டில்தான் செம்பு நிக்கலுக்கு மாறத் தொடங்கினார்கள். 10 ராப்பன் காசோ 1879 ஆம் ஆண்டிலேயே செம்பும் நிக்கலும் கலந்துதான் வந்தது. அந்த வருடத்துக் காசு இன்றைக்கும் செல்லும். மஞ்சளாக இருக்கிற 5 ராப்பனைப் பார்த்துத் தங்கம் என்று நினைக்காதேங்கோ. அது செம்போடு கொஞ்சம் அலுமினியமும் நிக்கலும் சேர்ந்தது.

ஏன் சுத்தமான ஓர் உலோகத்தில் காசு அடிக்கவில்லை? எங்கட ஆக்களுக்குக் "கலந்தது" என்று சொன்னவுடனே மனதில் வருவது பாலில் தண்ணீர், மிளகாய்த்தூளில் செங்கல் தூள். அதற்குப் பெயர் கலப்படம். கலப்பு என்பது வேறு. என்ன சேர்க்கிறோம், எவ்வளவு சேர்க்கிறோம், எதற்காகச் சேர்க்கிறோம் என்பதைத் தெரிந்து, வாங்குகிறவனுக்கும் சொல்லிச் செய்வது கலப்பு. ஒளித்துச் செய்வது கலப்படம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கோ.

சுத்தமான உலோகங்கள் அநேகமாக மெத்தென்றவை. சுத்தச் செம்புக் கம்பியைக் கையால் வளைக்கலாம். சுத்த இரும்பும் நாங்கள் நினைக்கிற அளவு கடினம் அல்ல. காரணம் அணுக்கள் அடுக்கியிருக்கிற விதம். கடையில் தோடம்பழம் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீங்கள். எல்லாப் பழமும் ஒரே அளவு, வரிசை வரிசையாக, தட்டுத் தட்டாக இருக்கும். சுத்த உலோகத்தின் அணுக்களும் அப்படித்தான். வெளியில் இருந்து பலம் கொடுத்தால் ஒரு தட்டு மற்றத் தட்டின் மேல் வழுக்குகிறது. உலோகம் வளைகிறது.

தட்டு முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. வீட்டு நிலத்தில் விரித்த பெரிய காப்பெற்றை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் வராது. ஒரு பக்கத்தில் சின்ன மடிப்பு ஒன்று உண்டாக்கி, அந்த மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டு போனால் முழுக் காப்பெற்றும் லேசாக நகரும். உலோகத்துக்குள்ளும் இப்படியான மடிப்புப் போன்ற குறைகள் ஓடித்தான் அது வளைகிறது. இதை 1934 ஆம் ஆண்டில் டெய்லர், ஒறொவான், பொலானி என்ற மூன்று விஞ்ஞானிகள் தனித்தனியாகக் கண்டு எழுதினார்கள். இப்ப அந்தத் தோடம்பழ அடுக்குக்குள் இடைக்கிடை பெரிய பழமோ சின்னத் தேசிக்காயோ வைத்தால் என்ன நடக்கும்? வரிசை அங்கங்கே நெளியும். ஓடிவருகிற மடிப்பு அந்த இடத்தில் முட்டி நிற்கும். அளவு வித்தியாசமான அணுக்கள் செய்யிற வேலை அதுதான். கொஞ்சம் சேர்த்தாலே உலோகம் வளைய மறுக்கிறது, பலமாகிறது.

இனி அம்மாமாருக்கு விருப்பமான விசயத்துக்கு வருவோம். தங்கம். 24 காரட் தங்கம் சுத்தமானது, ஆனால் மெத்தென்றது. அதில் செய்த சங்கிலி நாளாந்தம் போட்டால் நெளியும், தேயும், கல்லைப் பிடித்திருக்கிற முனை இளகும். அதனால்தான் 24 பங்கில் 22 பங்கு தங்கமும் 2 பங்கு செம்பு அல்லது வெள்ளியும் சேர்த்து நகை செய்கிறார்கள். 22 ஐ 24 ஆல் பிரித்தால் 0.916 வரும். நகையில் 916 என்று அடித்திருப்பதன் கருத்து அதுதான். எங்கட ஆக்கள் தங்கத்தை அளக்கிற "பவுண்" எங்கே இருந்து வந்தது? இங்கிலாந்தின் தங்கப் பவுண் காசில் இருந்து. அந்தக் காசே சுத்தத் தங்கம் அல்ல. அதன் நிறை ஏறத்தாழ 7.99 கிராம், தங்கம் 22 காரட், மிச்சம் செம்பு. சட்டைப் பையில் கிடந்து தேயாமல் இருக்க வேணும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். ஆகவே நாங்கள் சீதனத்துக்கு எண்ணுகிற ஒவ்வொரு பவுணும் முதலில் இருந்தே ஒரு கலப்புலோகக் கணக்குத்தான்.

சுவிஸ் கடைகளில் 750 என்று அடித்த நகையைப் பார்த்து "இது கள்ளத் தங்கம்" என்று சொல்லுகிற ஆக்கள் இருக்கினம். அது கள்ளம் அல்ல. 18 காரட், ஆயிரத்துக்கு 750 பங்கு தங்கம். எழுதி அடித்து விற்கிறார்கள், விலையும் அந்தக் கணக்குக்குத்தான். சுவிஸ் கைக்கடிகாரங்களின் தங்கக் கூட்டில் ஒரு நாயின் தலை சின்னதாக அடித்திருக்கும். 1995 ஆம் ஆண்டில் இருந்து அரசாங்கத்தின் பரிசோதனை முத்திரை அதுதான். இந்த எண்களைப் படிக்கத் தெரியாவிட்டால் நட்டம் எங்களுக்கு. ஊரில் இடம்பெயர்ந்த காலத்தில் எங்கட அம்மா தன்ர சங்கிலியை விற்கப் போனபோது நானும் கூடப் போனேன். வாங்கினவர் உரைகல்லில் உரைக்கவும் இல்லை, தண்ணி விட்டுப் பார்க்கவும் இல்லை. "செம்பு கூடப் போட்டிருக்கு" என்று சொல்லி ஒரு தொகையைக் கழித்தார். எத்தனை பங்கு கூட என்று கேட்க எங்களுக்குத் தெரியாது. அவசரத்தில் இருக்கிற சனம் தந்ததை வாங்கிக்கொண்டு வந்தது. எங்களை மாதிரி எத்தனை குடும்பங்கள் கழுத்தில் இருந்ததை விற்றுத்தான் வெளிக்கிட்டவை. ஆகவே பிள்ளைகளே, இந்தக் கணக்கை அம்மாவுக்குச் சொல்லிக் குடுங்கோ. 22 காரட்டில் 8 கிராம் என்றால் அதில் 7.33 கிராம் தங்கம். 18 காரட்டில் 8 கிராம் என்றால் 6 கிராம். இதற்கு மேல் ஒருவரும் உங்களை ஏமாற்றேலாது.

எதைச் சேர்த்தாலும் நல்லது என்று நினைக்கவும் கூடாது. அதே தங்கத்தில் செம்புக்குப் பதிலாக ஈயம் மிகச் சிறிதளவு சேர்ந்துவிட்டால் தட்டும்போதே வெடிக்கும். செம்பில் பிசுமது என்ற உலோகம் கலந்தாலும் அப்படித்தான். இரும்பில் கந்தகம் கூடினால் சூடாக அடிக்கும்போது பிளக்கும். எது, எவ்வளவு என்பதுதான் இந்தத் தொழிலின் முழு விசயமும்.

இரும்பைப் பாருங்கோ. இரும்போடு காபன், அதாவது கரி, நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்ந்தாலே உருக்கு. கொங்கிறீற்றுக்குள் போடுகிற கம்பி, கார், பாலம் எல்லாம் அதுதான். காபன் 2 வீதத்துக்கு மேல் போனால் வார்ப்பிரும்பு. அது லேசாக உருகும், அச்சில் வார்க்க நல்லது, ஆனால் சுத்தியலால் அடித்தால் உடையும். அதே இரும்பு, அதே கரி. அளவு மாறினால் குணம் மாறுகிறது. இந்த வித்தை எங்கட தீவுக்குப் புதிதும் அல்ல. சமனலவெவ மலைச்சரிவில், பருவக்காற்றையே துருத்தியாகப் பாவித்து உயர்ந்த காபன் உருக்குச் செய்த பழைய உலைகளை 1990களில் தோண்டி எடுத்தார்கள். அவை ஏழாம் நூற்றாண்டளவில் இருந்து வேலை செய்தவை.

எங்கட குசினியில் இருக்கிற எவர்சில்வரும் இரும்புதான். 1913 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்ட் நகரத்தில் ஹரி பிறியர்லி என்பவர் துவக்குக் குழாய் அரிபடாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். இரும்போடு ஏறத்தாழ 13 வீதம் குரோமியம் சேர்த்த உருக்கு கறள் பிடிக்கவில்லை என்று கண்டார். குரோமியம் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்துகிறது. கீறினாலும் அந்தத் தோல் தானாகத் திரும்ப வளரும். உங்கட சட்டியின் அடியில் 18/10 என்று இருந்தால் 18 பங்கு குரோமியம், 10 பங்கு நிக்கல் என்று கருத்து. ஒரு சின்ன விசயம்: பச்சைத் தண்ணீரில் உப்பைப் போட்டு அது கரையாமல் அடியில் கிடந்தால் அந்தத் தோலையும் அரித்து வெள்ளைப் புள்ளிகள் வரும். தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட்டுக் கலக்கி விடுங்கோ.

இனி என் மெசினுக்கு வருகிறேன். நான் கூடுதலாகக் கடைகிறது பித்தளை. செம்பும் நாகமும் சேர்ந்தது. நாகம் என்பதைத் துத்தநாகம் என்றும் சொல்லுவினம். நாகம் 30 வீதம் இருந்தால் அந்தப் பித்தளை நல்லாக இழுபடும், தகட்டை அழுத்திக் கோப்பை மாதிரி ஆக்கலாம். துவக்குச் சன்னத்தின் கோது அந்தப் பித்தளைதான். சின்ன வயதில் வளவுகளில் கிடந்த வெறுங்கோதுகளைப் பொறுக்கிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்த பிள்ளைகள் நாங்கள். அது இரும்பை விட ஏன் விலை கூட என்று இங்கே வந்துதான் எனக்கு விளங்கியது.

நாகம் 39 வீதம் அளவுக்குக் கூட்டி 3 வீதம் ஈயமும் சேர்த்தால் அது கடைசலுக்குத் திறம். இங்கே அதை எம்எஸ் 58 என்று சொல்லுவார்கள். 58 என்பது செம்பின் பங்கு. சுத்தச் செம்பைக் கடைந்து பார்த்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். சுத்தச் செம்பு பசை மாதிரி. சீவல் நீளமாக நூல் போல வந்து கருவியில் சுற்றும், மெசினை நிற்பாட்டி நிற்பாட்டிக் கொக்கியால் எடுக்க வேணும், வெட்டின இடமும் மினுங்காது. ஈயம் சேர்ந்த பித்தளையில் சீவல் மணல் மாதிரிக் கொட்டும். காரணம் ஈயம் பித்தளையோடு கரையாது. சின்னச் சின்னத் துளிகளாக உள்ளே நிற்கும். கத்தி அந்தத் துளியில் படும்போது சீவல் முறியும்.

ஆனால் ஈயம் உடம்புக்கு நஞ்சு. குழந்தைகளுக்குத்தான் கூடக் கெடுதல். பித்தளைப் பாகங்களில் இரவு முழுக்கத் தேங்கி நிற்கிற தண்ணீரில் கொஞ்சம் ஈயம் கரையலாம். அதனால் இப்ப குடிதண்ணீர்ப் பாகங்களுக்கு ஈயம் குறைந்த பித்தளைக்கு மாறிக்கொண்டு வருகிறார்கள். எங்களுக்குக் கடைகிறது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் அது நல்ல மாற்றம். பழைய வீடுகளில் இருக்கிற தாய்மாருக்கு ஒன்று சொல்லுகிறேன். காலையில் முதல் வருகிற தண்ணீரைப் பாத்திரம் கழுவ விட்டு, நல்லாகக் குளிர்ந்து வந்த பிறகு குழந்தையின் பாலுக்கு எடுங்கோ. சுடுதண்ணிக் குழாயில் எடுக்க வேண்டாம். உலோக வேலை செய்கிற தம்பிமார் சாப்பிட முன்னம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கோ.

செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். வெள்ளீயம் நூற்றில் இருபது இருபத்திரண்டு பங்கு போனால் அது மணி வெண்கலம். மிகக் கடினம், ஓங்கி அடித்தால் வெடிக்கும், ஆனால் நாதம் நீண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்த் தேவாலயத்தில் கேட்கிற மணியும் இதே வெண்கலக் குடும்பம்தான், எங்கட ஊர்க் கோயில்களில் தொங்குகிற வெண்கல மணியும் இதே குடும்பம்தான். சிலை வார்க்கிறவர்களுக்கு நாதம் தேவையில்லை. ஆகவே சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் வெள்ளீயம் அதைவிடக் குறைவு, ஈயமும் சேர்ந்திருக்கும், உருகிய உலோகம் விரல் நுனி வரைக்கும் ஓடும்.

பெற்றோர் இரண்டு பேருக்கும் இல்லாத குணம் பிள்ளைக்கு வருகிற மாதிரியும் சில கலப்புகள் உண்டு. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும். ஈயம் 327 பாகை. இரண்டையும் 63 க்கு 37 என்று கலந்தால் 183 பாகையிலேயே உருகிவிடும். றேடியோ திருத்துகிற அண்ணைமார் பாவித்த பற்றாசு அதுதான். ஈயம் நஞ்சென்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் இருந்து மின்சாதனங்களில் அதைக் கட்டுப்படுத்தியது. இப்ப வெள்ளீயத்தோடு வெள்ளியும் செம்பும் சேர்த்த பற்றாசு கூடுதலாகப் பாவனையில் உள்ளது.

இன்னொன்று இந்த நாட்டுக்காரர் ஒருவர் கண்டது. நொசத்தெல் மாநிலத்தில் புளூறியே என்ற ஊரில் பிறந்த சாள் எத்துவார் கியோம், பிரான்சில் வேலை செய்தபோது, 1896 இல் இரும்போடு 36 வீதம் நிக்கல் சேர்த்த உலோகத்தை ஆராய்ந்தார். அது சூடு பட்டாலும் விரிகிறதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாக விரிந்தது. இரும்பும் விரியும், நிக்கலும் விரியும், இரண்டும் சேர்ந்த இது மட்டும் விரியாது. அளவுகோலுக்கும் மணிக்கூட்டுக்கும் இதைவிட வேறென்ன வேணும்? 1920 ஆம் ஆண்டில் அவருக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நாங்கள் பஸ் பிடித்து ரைன் நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறோமே, அந்த நொய்ஹவுசனில்தான் 1888 இல் அலுமினியத் தொழிற்சாலைக் கம்பனி தொடங்கியது. நீர்வீழ்ச்சியின் பலத்தில் மின்சாரம் எடுத்து அலுமினியம் பிரித்தார்கள். ஆனால் சுத்த அலுமினியம் பாரம் தாங்காது. 1906 இல் ஜேர்மனியில் அல்பிரட் வில்ம் என்பவர் அலுமினியத்தோடு 4 வீதமளவு செம்பும் மிகக் கொஞ்சம் மகனீசியமும் சேர்த்துச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தார். சில நாள் சும்மா கிடந்த பிறகு அளந்தால் அது இன்னும் கடினமாகியிருந்தது. உள்ளுக்குள் செம்பு அணுக்கள் மெல்ல மெல்லத் திரண்டு அந்த மடிப்பின் ஓட்டத்துக்குத் தடையாக நின்றன. எங்களை இந்த நாடுகளுக்குக் கொண்டுவந்த விமானங்களின் உடம்பில் கூடுதலாக இருப்பது அந்தக் குடும்பத்து உலோகங்கள்தான்.

அப்படியென்றால் சுத்த உலோகம் ஒன்றுக்கும் உதவாதோ? உதவும். மின்சார வயருக்குச் சுத்தச் செம்புதான் வேணும், 99.9 வீதத்துக்கு மேல். மடிப்பைத் தடுக்கிற அந்நிய அணு மின்சாரத்தின் ஓட்டத்தையும் தடுக்கும். அந்தத் தடையே வேண்டுமென்றால் கலக்கலாம். 80 நிக்கல், 20 குரோமியம் சேர்ந்த கம்பி மின்சாரத்தைத் தடுத்துச் சிவக்கச் சிவக்கச் சூடாகும், எரிந்தும் போகாது. பாண் வாட்டுகிற மெசினுக்குள் இருப்பது அதுதான்.

கடைசியாகக் கலப்படம் எது என்று எங்கட தொழிற்சாலையிலேயே காட்டலாம். பித்தளைச் சீவலுக்கு ஒரு தொட்டி, எவர்சில்வர்ச் சீவலுக்கு ஒரு தொட்டி, அலுமினியத்துக்கு இன்னொன்று. தனித்தனியாக இருந்தால் அவை நல்ல விலைக்குப் போய்த் திரும்பவும் அதே உலோகமாக வரும். யாராவது தொட்டி மாறிக் கொட்டினால் முழுத் தொட்டியும் விலை விழும். அதே உலோகங்கள்தான், அளவும் இல்லை நோக்கமும் இல்லை என்பதால் குப்பை.

பெற்றோரே, இவ்வளவும் ஏன் சொன்னேன்? எங்கட ஆக்களிடம் ஒரு பழக்கம் இருக்குது. பிள்ளை டொக்டர், எஞ்சினியர் என்றால் மண்டபம் முழுக்கச் சொல்லுவோம். பிள்ளை தொழிற்சாலைக்கு லேற செய்யப் போகிறது என்றால் குரலைத் தாழ்த்துவோம். என் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு சுவிஸ் பிள்ளை பொலிமெக்கானிக்கர் பயிற்சி செய்கிறது. நான்கு வருடப் படிப்பு. நான் உயர்தரத்தில் பாடமாக்கி மறந்ததை அந்தப் பிள்ளை கையால் செய்து, அளந்து, உடைத்துப் பார்த்துப் படிக்கிறது. அதற்குப் பிறகு விரும்பினால் தொழில்முறை மத்தூரா எடுத்து உயர்கல்விக்கும் போகலாம். கதவு மூடவில்லை. மூளையும் கையும் சேர்ந்த படிப்பு அது. உங்கட பிள்ளை விரும்பிக் கேட்டால் வெட்கப்படாமல் விடுங்கோ. எந்தப் பகுதி, என்ன பயிற்சி என்று தெரியாவிட்டால் என்னிடம் வாங்கோ, தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

பிள்ளைகளே, வீட்டுக்குப் போய்ச் சட்டியின் அடியையும், காசையும், அம்மாவின் காப்பையும் திருப்பிப் பாருங்கோ. அதில் அடித்திருக்கிற எண்களை வாசியுங்கோ. என்ன கலந்திருக்கிறது, ஏன் கலந்தார்கள் என்று கேளுங்கோ. பதில் தெரியாவிட்டால் அடுத்த மாதக் கூட்டத்தில் சேர்ந்து தேடுவோம்.